மேட்டூருக்குப் போய் உடம்பு விசாரித்த கதை

என் பெரியப்பாவுக்குத் தன் ரத்தக் கொதிப்பு எத்தனை என்று கடைசிவரை தெரியாது. மேட்டூரின் அளவு மட்டும் தினமும் தெரியும். காலைச் செய்தியில் ‘மேட்டூர் அணையின் நீர்மட்டம்’ என்று ரேடியோ வாயைத் திறந்தால் அடுக்களையில் அம்மி நிற்க வேண்டும். தொட்டிலில் பிள்ளை வாயை மூட வேண்டும். எழவுச் செய்தி சொல்ல வந்தவனும் திண்ணையில் ஒரு நிமிஷம் பொறுக்க வேண்டும். மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கன அடி, வெளியேற்றம் எத்தனை கன அடி. மூன்றையும் கேட்டு முடித்ததும் பெரியப்பா ஒரு ‘ம்’ போடுவார். அந்த ‘ம்’மின் நீளத்தை வைத்தே தீபாவளிக்குத் துணி உண்டா இல்லையா என்று பெரியம்மா கணக்குப் போட்டுவிடுவாள்.

தஞ்சாவூர் ஜில்லாக்காரர்களுக்கு மேட்டூர் ஓர் ஊர் அல்ல, ஓர் எண். 120 என்றால் பூரண சுகம். 100 என்றால் எழுந்து நடமாட்டம் உண்டு. 80-க்குக் கீழே இறங்கினால் சொந்தபந்தங்களுக்குச் சொல்லி அனுப்பலாம். எண்பதுகளில் ஒரு வருஷம் அப்படித்தான் இறங்கிற்று. மதகு திறக்க வேண்டிய ஜூன் 12 வந்தது, போனது, திறக்கவில்லை. ஆனி போய் ஆடியும் பிறந்துவிட்டது. வாய்க்காலில் ஆடு மேய்ந்தது. பெரியப்பாவின் ‘ம்’ அடியோடு நின்றுபோயிற்று. ஒரு நாள் காலையில் ரேடியோவை அணைத்துவிட்டுச் சொன்னார்: “தெனம் தெனம் ஒருத்தன் வாயால கேட்டுக்கிட்டிருக்கறது என்ன பொழப்பு? ஒரு நடை நேர்ல போயி பாத்துட்டு வந்துருவோம்.”

ஆக, எங்கள் குடும்பத்தின் முதல் உல்லாசப் பயணம் ஆஸ்பத்திரிக்குப் போகிற முகத்தோடுதான் கிளம்பிற்று. வாடகை வேனில் பதினோரு பேர். பதினெட்டாம் பெருக்கை ஒட்டிப் போவதால் பெரியம்மா புளிச்சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் என்று தூக்கு தூக்காகக் கட்டியிருந்தாள். திருச்சியில் வேன் டீக்கு நின்றபோது சித்தப்பா இறங்கி ஒரு டஜன் சாத்துக்குடி வாங்கிக்கொண்டு வந்தார். யாருக்கு என்று கேட்டதற்கு அவருக்கே பதில் தெரியவில்லை. கை பழக்கத்தில் வாங்கிவிட்டது.

சித்தப்பா வரலாற்று வாத்தியார். காவிரிப் பாலத்தில் வேன் ஏறியதுமே பாடத்தை ஆரம்பித்துவிட்டார். அவர் தேதி சொல்வார், பெரியப்பா வியாக்கியானம் சொல்வார். சித்தப்பாவின் தேதிகளைப் பின்னாளில் புத்தகங்களில் சரிபார்த்துக்கொண்டேன். பெரியப்பாவின் வியாக்கியானத்தைச் சரிபார்க்க வழியில்லை. ஆனால் மறக்காமல் நின்றது அதுதான்.

“காட்டன் துரை வந்து பார்த்தப்போ கொள்ளிடம் பள்ளமாவும் காவேரி மேடாவும் கெடந்துச்சு” என்றார் சித்தப்பா. தண்ணீர் அதன் குணப்படி பள்ளத்துக்குப் போனது. காவிரியில் மணல்தான் மிச்சம். அதற்காக ஆர்தர் காட்டன் 1836-க்கும் 1838-க்கும் இடையில் முக்கொம்பில் மேலணையைக் கட்டி, கொள்ளிடத்துக்கு ஓடுகிற தண்ணீரின் காதைப் பிடித்துக் காவிரிப் பக்கம் திருப்பினார்.

“கரிகாலன் கல்லணையைக் கட்டுனான். எவன்கிட்டயாவது கையெழுத்து வாங்குனானா?” என்றார் பெரியப்பா.

“அப்ப மைசூர்ல அணை இல்லண்ணே.”

“அதான் சொல்றேன். நல்ல காலம்.”

கையெழுத்துக் கதை 1892-இல் தொடங்குகிறது. ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே வீட்டில் மேல் கட்டும் கீழ் கட்டுமாகக் குடியிருந்தால் என்ன ஆகுமோ, அதுதான் மைசூருக்கும் சென்னைக்கும் ஆனது. மாடியில் இருப்பவர் புதிதாக ஒரு தொட்டி கட்டுவதானால் கீழ்வீட்டாரைக் கேட்டுவிட்டுக் கட்ட வேண்டும் என்று அந்த வருஷம் ஓர் ஒப்பந்தம் எழுதினார்கள். கொஞ்ச காலம் ஒன்றும் இல்லை. பிறகு மைசூருக்கு விஸ்வேஸ்வரய்யா தலைமைப் பொறியாளராக வந்தார். கண்ணம்பாடியில் ஓர் அணை, கொள்ளளவு 41.5 டி.எம்.சி. என்று திட்டம் போட்டார். டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. இந்தக் கணக்கு புரியாத பெரியப்பாக்கள் அதை வேலிக் கணக்கில் பெருக்கி எப்படியோ சரியாகவே புரிந்துகொள்வார்கள். சென்னை உடனே விழித்துக்கொண்டு, ‘அட, நாங்களும் மேட்டூரில் 80 டி.எம்.சி.க்கு ஒன்று கட்டலாம் என்றுதான் இருக்கிறோம்’ என்றது. அண்ணன் வீட்டில் பிரிட்ஜ் வாங்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும், நாங்களும் சொல்லிவைத்திருக்கிறோம் என்பார்களே, அந்தக் குரல்.

இந்திய அரசாங்கம் யோசித்து, மைசூருக்கு 11 டி.எம்.சி. போதும் என்று அனுமதி கொடுத்தது. மைசூர் பவ்யமாகத் தலையாட்டிவிட்டு, முழு 41.5-க்கும் தாங்குகிற மாதிரி அஸ்திவாரம் தோண்டியது.

பெரியப்பா இந்த இடத்தில் வேனே குலுங்கச் சிரித்தார். பகையாளிதான், ஆனாலும் சாமர்த்தியத்தை மெச்சாமல் இருக்க முடியவில்லை. “பத்திரிகையில அம்பது பேருன்னு போட்டுட்டு ஐநூறு பேருக்குக் கோட்டையடுப்பு வெட்டுறது. இது நம்ம ஊர்லயும் நடக்கும்.”

பஞ்சாயத்து கூடியது. 1914-இல் தீர்ப்பு மைசூருக்குச் சாதகமாக வந்தது. சென்னை அதை ஒப்புக்கொள்ளாமல் லண்டன்வரை போனது. கடைசியில் 1924 பிப்ரவரி 18-இல் இரண்டு பேரும் உட்கார்ந்து எழுதிக்கொண்டார்கள். நீ கண்ணம்பாடியைப் பெரிதாகவே கட்டிக்கொள், நான் மேட்டூரைக் கட்டிக்கொள்கிறேன், 50 வருஷம் கழித்து மறுபடி பார்த்துக்கொள்ளலாம். தண்ணீரை எப்படிக் கஞ்சத்தனமாகப் பங்கு பிரிப்பது என்று மையொற்றுத் தாளால் ஒற்றிக் கையெழுத்திட்டு ஐந்து மாதம் ஆகவில்லை, ஜூலையில் காவிரி வெள்ளமாக வந்து ஒப்பந்தக்காரர்கள் இரண்டு பேரையும் மதிக்காமல் கரையை உடைத்துக்கொண்டு போனது. காவிரிக்கு நகைச்சுவை உணர்ச்சி உண்டு என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

அந்த 50 வருஷம் 1974-இல் முடிந்தது. நாங்கள் வேனில் போய்க்கொண்டிருந்தபோது அது முடிந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒருவரும் மறுபடி உட்கார்ந்து எழுதவில்லை. நடுவர் மன்றம் 1990-இல்தான் வந்தது, உச்ச நீதிமன்றத்தின் தீர்ப்பு 2018-இல். ஒரு விஷயம் நியாயமாகச் சொல்ல வேண்டும். இதே நேரத்தில் மண்டியா பக்கம் ஏதோ ஒரு கிராமத்தில் ஏதோ ஒரு தொட்டப்பா, கன்னட ரேடியோவில் கண்ணம்பாடியின் அடிக்கணக்கைக் கேட்டு ‘ம்’ போட்டுக்கொண்டிருப்பார். அவருக்கு எண் 124.80. மீதியெல்லாம் எங்கள் வீடு மாதிரிதான்.

ஓமலூர், மேச்சேரி தாண்டி மேட்டூருக்குள் நுழையும்போது விடிந்திருந்தது. வேன் நின்ற இடத்திலிருந்து பார்த்தால் எதிரே ஒரு சுவர். அவ்வளவுதான். 5,300 அடி நீளத்துக்குச் சாம்பல் நிறத்தில் ஒரு பிரம்மாண்டமான மதில். அதன் காலடியில் பூங்கா, ஊஞ்சல், சறுக்கு மரம், பஞ்சுமிட்டாய். பெரியப்பா இறங்கி அந்தச் சுவரை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை பார்த்தார்.

“தண்ணி எங்கடா?”

“அந்தப் பக்கம்ணே.”

“அந்தப் பக்கம் பாக்க முடியாதா?”

“மேல ஏற விடமாட்டாங்க.”

இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வந்து நோயாளியைப் பார்க்க முடியாமல், வார்டின் வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற நிலைமை. அணைச் சுற்றுலாவின் ரகசியமே இதுதான். போனவர்களுக்குத்தான் தெரியும், வந்து சொல்ல மாட்டார்கள். பெரிய அணையைப் பார்க்கப் போகிறவன் பெரும்பாலும் பார்ப்பது சிமெண்டு. தண்ணீரைப் பார்க்க வேண்டுமென்றால் அதற்கு வீட்டுக் குழாயே மேல். பின்னாளில் ஒரு முறை, அணை நிரம்பி பதினாறு கண் மதகைத் திறந்திருந்தபோது போயிருக்கிறேன். அது வேறு காட்சி. உபரி நீர் நுரையைக் கக்கிக்கொண்டு இறங்க, ஜனம் முழுக்க அதற்கு முதுகைக் காட்டி நின்று தங்களைத் தாங்களே படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆனால் அந்தக் காட்சி கிடைப்பது அதிர்ஷ்டம். 1934-இலிருந்து இன்றுவரை அணை 120 அடியைத் தொட்டது நாற்பத்துச் சொச்சம் தடவைதான்.

சித்தப்பா கல்வெட்டைத் தேடிப் போய்ப் படித்துவிட்டு வந்தார். வேலை தொடங்கியது 1925. திறந்தது 1934 ஆகஸ்ட் 21. செலவு 4.80 கோடி. வேலை தொடங்கியபோது சென்னைக்கு கோஷன் பிரபு கவர்னர். அரசாங்கத்துக்குள் இதற்காக அலைந்தவர் அப்போது நிர்வாக சபையில் இருந்த சர் சி.பி. ராமசாமி அய்யர். வரைபடம் போட்டவர் கர்னல் எல்லிஸ். இத்தனை பேர் ஆக்கிவைத்த பந்தியில் சரியான நேரத்துக்கு இலை போட்டு உட்கார்ந்தவர் ஜார்ஜ் ஃபிரெடரிக் ஸ்டான்லி. திறப்பு விழா நாளில் அவர் கவர்னர். அதனால் 93.47 டி.எம்.சி.யும் ஸ்டான்லி நீர்த்தேக்கம். ஆகஸ்டில் திறந்துவைத்தார், நவம்பரில் கப்பலேறிவிட்டார்.

“ஸ்டான்லி ஆஸ்பத்திரின்னு மெட்ராஸ்ல இருக்கே?” என்றேன் நான்.

“அதுவும் இவருதான். ஒரே ஆளு.”

பெரியப்பா திரும்பி ஒரு பார்வை பார்த்தார். ஆஸ்பத்திரிக்குப் போகிற முகத்தோடு கிளம்பியதில் தப்பில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். “அப்ப வரைஞ்சவனுக்கு ஒண்ணும் இல்லியா?” உண்டு. அந்தப் பதினாறு கண் மதகுக்கு எல்லிஸ் பெயர். “நல்லாருக்கு. கட்டுனவனுக்கு மதகு, கத்திரிக்கோல் புடிச்சவனுக்குக் கடலு.”

ஆனால் மேட்டூர்க்காரர்கள் யாரும் ஸ்டான்லி என்று சொல்லி நான் கேட்டதில்லை. டேம் என்கிறார்கள். அதோடு அந்த இடத்தில் நிஜமான அதிகாரம் கவர்னரிடமும் இல்லை, பொதுப்பணித் துறையிடமும் இல்லை. அது அணைக்கட்டு முனியப்பனிடம் இருக்கிறது. பெருக்குக் கூட்டம் முழுக்க அங்கேதான். ஆற்றில் குடிநீருக்காக விட்டிருந்த கொஞ்சம் தண்ணீரில் ஆயிரம் தலைகள் முங்கி எழுந்தன. முனியப்பனுக்குக் கோழி அறுத்து அங்கேயே கல் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். புகை அணையின் பாதி உயரத்துக்கு எழும்பிற்று. பெரியம்மா சைவம். மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டே முனியப்பனுக்கு ஒரு கும்பிடு போட்டுவைத்தாள்.

சித்தப்பா அடுத்த குண்டைப் போட்டார். “அஸ்திவாரத்துலேருந்து உச்சி வரைக்கும் 214 அடிண்ணே.”

பெரியப்பாவின் முகம் மாறிற்று. “ரேடியோவுல 120-ன்னுதான சொல்றான்?”

“அது தண்ணி மட்டம்.”

“அப்ப மிச்சம் 94 அடிய எவன் வச்சிருக்கான்?”

பூமிக்குள் போன அஸ்திவாரம், மேலே மிச்சம் விட்டிருக்கும் மதில், கணக்குத் தொடங்கும் இடம் எல்லாவற்றையும் சித்தப்பா சுள்ளியால் மண்ணில் படம் போட்டு விளக்கினார். பெரியப்பா நம்பவில்லை. அந்த 94 அடியை யாரோ அரசாங்க ஆள் ஒதுக்கிவைத்திருப்பதாகச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

மின்சாரத்தைப் பற்றி அவருக்கு அவ்வளவு கூடத் தாட்சண்யம் இல்லை. அணையடியில் 1937-இல் ஓட ஆரம்பித்த மின்நிலையம். அதற்கு ஐந்து வருஷம் முன்னால் நீலகிரியில் பைகாரா வந்துவிட்டதால் இது குடும்பத்தில் இரண்டாவது பிள்ளை. அறுபதுகளில் பக்கத்தில் சுரங்க மின்நிலையம் என்று 200 மெகாவாட்டுக்கு இன்னொன்று சேர்ந்தது. வேலை எளிது. உயரத்தில் இருக்கும் தண்ணீரைக் குழாயில் இறக்கினால் அது போகிற வேகத்தில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும். ஆனால் மேட்டூரில் முதல் மரியாதை பாசனத்துக்கு. வயலுக்குத் தண்ணீர் திறந்தால்தான் சக்கரம் சுற்றும். மின்சாரத்துக்கென்று தனியாகத் திறக்க மாட்டார்கள். கிட்டத்தட்ட, மாமியார் கோயிலுக்குப் போனால் கூடவே போய் வளையல் வாங்கிக்கொள்கிற மருமகள் நிலைமை.

“அப்ப நம்ம தண்ணி சுத்துன கரண்டுதான நம்ம மோட்டாருக்கு வருது?”

“ஆமாண்ணே, ஒரு வகையில.”

“தண்ணியும் வரல. கரண்டு ராத்திரி ரெண்டு மணிக்கு வருது. ரெண்டும் ஒரே வம்சம்.”

தூரத்தில் அனல்மின் நிலையம் எழும்பிக்கொண்டிருந்தது. 1987-இல் அது ஓடத் தொடங்கி, பிறகு 840 மெகாவாட்டும், 2013-இல் இன்னொரு 600-மாக வளர்ந்துவிட்டது. ஊருக்கே பெயர் வாங்கிக் கொடுத்த தண்ணீர் மின்சாரம், நிலக்கரிக்குப் பக்கத்தில் இன்று தாத்தாவின் பென்ஷன் மாதிரி.

மீன் வறுக்கிற கடை ஒன்றின் பக்கத்தில் டீ குடித்தோம். கடைக்காரர் பெரியப்பாவின் முகத்தைப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார்.

“தஞ்சாவூருங்களா?”

“எப்படித் தெரியும்?”

“மீனைப் பாக்காம சொவத்தையே பாத்துட்டு நிக்கறவங்க எல்லாம் தஞ்சாவூருங்க.” பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, “தண்ணியப் பாக்கோணும்னா பண்ணவாடி போங்க. நந்தி வெளிய வந்திருக்குது” என்றார்.

பண்ணவாடி அணையின் அந்தப் பக்கம், நீர்த்தேக்கத்தின் கரையில் பரிசல் துறை. அங்கேதான் எங்களுக்குத் தண்ணீர் கிடைத்தது. தகரத் தகடு மாதிரி விரிந்து கிடந்தது. வற்றிப்போனது என்று ரேடியோ சொன்னதே எங்கள் ஊர்க் குளம் ஐம்பதைச் சேர்த்தது போலிருந்தது. முழுசாக நிரம்பினால் 59 சதுர மைலுக்கு நிற்குமாம். வெடித்த சேற்றுத் தரைக்கு அப்பால் தண்ணீருக்குள்ளிருந்து கல் நந்தி கழுத்துவரை எழுந்து நின்றது. ஜலகண்டேஸ்வரர் கோயிலின் நந்தி. இன்னொரு பக்கம் பழைய மாதா கோயிலின் கோபுரம். மட்டம் 80-க்குக் கீழே இறங்கும் வருஷங்களில்தான் இரண்டு பேரும் மூச்சு விட வெளியே வருவார்கள்.

சாமி பெயரைக் கவனியுங்கள், ஜலகண்டேஸ்வரர். பெயர் வைத்த காலத்தில் கழுத்தளவு ஜலம் என்பது வெறும் பெயராகத்தான் இருந்திருக்கும்.

பரிசல்காரர் எங்களை நந்திக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அறுபது வயசிருக்கும். துடுப்பாலேயே திசை காட்டிக்கொண்டு வந்தார். “இங்க வீதிங்க. அங்க எங்கப்பாரு ஊடு. நான் கைக்கொழந்தைல இருக்கறப்ப மேட்டுக்கு ஏறிட்டாங்களாம்.” நாயம்பாடி முதலாகப் பல ஊர்கள். வீடு, கோயில், சந்தை, சுடுகாடு எல்லாம் அணைக்காகக் காலி செய்து போனார்கள். தண்ணீர் குறைந்த வருஷம் மேடான இடத்தில் சோளம் விதைப்பார்கள். தண்ணீர் ஏறினால் போய்விடும்.

“தண்ணி நெறைய இருந்தா உங்களுக்கு மீனு. கொறைஞ்சா நெலம்” என்றார் சித்தப்பா, நல்லெண்ணத்தோடுதான்.

“ஆமாங்க. நெறைஞ்சா நீங்க சந்தோசப்படுவீங்க. எறங்குனா நாங்க எங்க ஊரைப் பாத்துக்குவோம்.”

பெரியப்பா ஒன்றும் சொல்லவில்லை. நாற்பது வருஷமாக 120 வர வேண்டும் என்று விளக்கேற்றிக் கும்பிட்டவர். அந்த 120-க்கு அடியில் ஒரு வீதி இருக்கிறது என்று ரேடியோவில் யாரும் சொன்னதில்லை. நந்தியின் காதில் ஏதோ சொல்லலாமா என்பது போலக் குனிந்தார். காதில் பாசி அடைத்திருந்தது. மடியிலிருந்த வேட்டித் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டார். பிறகு, “அந்தப் பழத்த எடு” என்றார். இரண்டு சாத்துக்குடியை நந்தியின் தலையில் வைத்துவிட்டு மீதிப் பத்தையும் பரிசல்காரரின் துண்டில் கொட்டினார். “உடம்பு விசாரிக்க வந்தோம்ப்பா” என்றார். பரிசல்காரர் அதை எப்படி எடுத்துக்கொண்டாரோ, கூலியில் ஒரு ரூபாயைக் குறைத்துக்கொண்டார்.

கரையேறியதும் பெரியப்பா வேனுக்குள் தலையை விட்டு, பெரியம்மாவின் நல்லெண்ணெய் டின்னை எடுத்தார். அடியில் இருந்த அரைக்கால் படி எண்ணெயைத் தூக்கில் ஊற்றிவிட்டு, டின் நிறையத் தண்ணீர் மொண்டுகொண்டு வந்தார். பெரியம்மா பேச்சற்றுப் பார்த்தாள்.

“அண்ணே, இந்தத் தண்ணியே நாலு நாள்ல கல்லணைக்கு வந்துரும்ணே” என்றார் சித்தப்பா.

“வரும்னு எவன் கண்டான்?”

அதற்குச் சித்தப்பாவின் பாடப்புத்தகம் எதிலும் பதிலில்லை. டின் என் காலடியில், மூடி சரியாக மூடாமல், தஞ்சாவூர்வரை என் செருப்பை நனைத்துக்கொண்டே வந்தது.

அது பூஜை அலமாரியின் கீழ் மூன்று வாரம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை ரேடியோவில் மதகு திறந்த செய்தி வந்தது. பெரியப்பாவின் ‘ம்’ நடுத்தர நீளத்தில் திரும்பி வந்தது. கல்லணை தாண்டி, தலைப்பு தாண்டி, எங்கள் கன்னி வாய்க்காலுக்குத் தண்ணீர் வர இன்னும் பத்து நாள் ஆயிற்று. நாங்கள் கடைமடை. குப்பையும் நுரையும் ஒரு பழைய செருப்பும் முன்னால் தள்ளிக்கொண்டு, ஊர்வலத்தில் முன்னே நடக்கிற சிலம்பக்காரன் மாதிரி அது வந்தது. பெரியப்பா டின்னைத் தூக்கிக்கொண்டு போய் மடையில் நின்றார். உள்ளே தண்ணீர் பச்சை கட்டியிருந்தது, மேலே எண்ணெய் மினுமினுத்தது. “போ, ஒன் ஆளுங்க வந்துட்டாங்க” என்று சொல்லி வாய்க்காலில் கவிழ்த்தார்.

பெரியம்மா கரையில் நின்று கையை நீட்டினாள், டின்னுக்கு.